லோட்டஸை 21 ஆண்டு வைத்திருந்தும் புரோட்டோன் ஏன் ஜீலியிடம் போனது?

செந்தூல்வாசி கேட்டது:
1996-இல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸை வாங்கியது மலேசியாவின் புரோட்டோன். 2017-இல் சீனாவின் ஜீலி வந்து புரோட்டோனில் 49.9 விழுக்காடும் லோட்டஸில் 51 விழுக்காடும் எடுத்துக்கொண்டது. கையில் லோட்டஸ் இருந்தும் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏன் இவ்வளவு இழுபறி? ஜீலியும் ஸ்வீடனின் வால்வோவை வாங்கித்தானே வளர்ந்தது? பொத்தாம்பொதுவாக வேண்டாம், பாகம் பாகமாகச் சொல்லுங்கள்.

கேம்ஷாப்ட்76:
லோட்டஸின் கைவண்ணம் முதலில் சஸ்பென்ஷனில். ஸ்பிரிங் விறைப்பு, டேம்பர், புஷ் ரப்பர். புரோட்டோனின் 1998 சத்ரியா ஜிடிஐ கார் அதற்குச் சாட்சி. ஆனால் உள்ளே இருந்த 1.8 லிட்டர் இஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி93. 2000-இல் வந்த வாஜாவின் 1.6-உம் மிட்சுபிஷிதான்.

சொந்த இஞ்சின் என்றால் லோட்டஸோடு சேர்ந்து செய்த கேம்புரோ, 2004-இல் ஜென்-2 காரில் வந்தது. போர் (சிலிண்டர் விட்டம்) 76 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 88 மிமீ. 6000 ஆர்பிஎம்மில் 110 குதிரைத்திறன், 4000-இல் 148 நியூட்டன் மீட்டர். தாளில் குறையே இல்லை. சாலையில் 2500–3000 ஆர்பிஎம்முக்குள் இழுவை தொய்யும். கெந்திங் மலை ஏற்றத்தில் ஆர்பிஎம் முள் நிற்பதோ சரியாக அங்கேதான்! வால்வைத் திறக்கும் கேமின் வடிவமும் காற்று போகும் இன்டேக் குழாயும் மேல் ஆர்பிஎம்முக்குப் பொருத்தியவை. கேமை மாற்றும் சிபிஎஸ், குழாய் நீளத்தை மாற்றும் விஐஎம் இரண்டும் சேர்ந்து 125 குதிரைத்திறன் கிடைத்தது 2008-இல். அதற்குள் பேர் கெட்டுவிட்டது. வரைபடத்தை வாங்கலாம், அதை ஆறு மாதத்தில் திருத்துகிற ஆளும் டெஸ்ட் பெஞ்சும் வீட்டில் இருக்க வேண்டும்.

பூச்சோங்_ரைடர்:
அண்ணே, பழைய ஜென்-2-க்கு சிபிஎஸ் சிலிண்டர் ஹெட் மட்டும் மாட்டினால் போதுமா?

கேம்ஷாப்ட்76:
போதாது தம்பி. ஹெட்டோடு இன்டேக் மேனிஃபோல்டு, ஆயில் சோலனாய்டு, வயரிங், இசியூ என்கிற இஞ்சின் கணினி எல்லாம் ஒரே காரிலிருந்து வர வேண்டும். இசியூ மாற்றாமல் விட்டால் கேம் மாறவே மாறாது, செலவு தண்டம். முழு இஞ்சினையே மாற்றினால் இஞ்சின் எண் மாறும். புஸ்பாகோம் வாகனச் சோதனை, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவு இரண்டும் உண்டு.

கியர்பெட்டி:
கியர்பாக்ஸை யாரும் பேசவில்லையே. லோட்டஸால் அங்கே உதவி இல்லை. 2011-இல் புரோட்டோனின் சாகா எஃப்எல்எக்ஸுக்கும் எக்ஸோரா போல்டுக்கும் பெல்ஜியத்தின் பஞ்ச் நிறுவனத்து சிவிடி (படிகள் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் கொண்டு விகிதம் மாற்றும் ஆட்டோ கியர்பாக்ஸ்) வந்தது. 2016 சாகாவிலும் சிவிடிதான். 2019-இல் சாகா ஹூண்டாயின் 4-வேக ஆட்டோவுக்குத் திரும்பியது, அதுவும் வெளிச்சரக்கு. சிவிடி வண்டியை செக்கன்ஹேண்டில் பார்க்கிறவர்கள் ஆயில் மாற்றிய ரசீது கேளுங்கள். கையேட்டில் சொன்ன ஆயில் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். உள்ளே பெல்ட் வழுக்கினால் புல்லியில் கீறல் விழும், அப்புறம் முழுப் பெட்டிதான்.

பட்டர்வொர்த்_பாலம்:
ஜீலி ஒப்பீடு பாதிதான் சரி ஐயா. வால்வோவை 2010-இல் 180 கோடி அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கியபின் சும்மா இருக்கவில்லை. 2013-இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் சிஇவிடி என்று தனிப் பொறியியல் கூடம் போட்டது. அங்கே உருவான சிஎம்ஏ என்ற பொது அடித்தளத்தில் வால்வோ எக்ஸ்சி40-உம் ஜீலியின் இன்னொரு பிராண்டான லிங்க் அண்ட் கோவின் 01-உம் நிற்கின்றன. ஒரு தளத்தின் செலவை இரண்டு பிராண்டு பகிர்கிறது. லோட்டஸ் அப்போது கையால் கட்டிச் செய்துவந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரோடு சாகா எதைப் பகிரும்? கதவுக் கைப்பிடியைக்கூட முடியாது. புரோட்டோன் வாங்கிய இத்தாலிய மோட்டார்சைக்கிள் நிறுவனம் எம்வி அகுஸ்டாவின் கதை இன்னும் மோசம்: 2004-இல் 7 கோடி யூரோ கொடுத்துப் பங்கு வாங்கியது, 2005 கடைசியில் 1 யூரோவுக்கு விற்பனை.

மலேசியாவின் இன்னொரு கார் நிறுவனமான பெரோடுவா யாரையும் வாங்கவில்லை. ஜப்பானின் டைஹாட்சு தளத்தை எடுத்துக்கொண்டு 2017 மைவியின் மேல்உடலைத் தானே வடிவமைத்தது. அது ஒரு வழி. ஜீலி காரை வைத்து வந்த புரோட்டோன் எக்ஸ்70-ஐயும் அப்படிப் பாருங்கள்: 2018-இல் சீனாவிலிருந்து முழுதாக இறங்கியது, 2020-இல் தஞ்சோங் மாலிம் ஆலையில் பொருத்தியபோது 6-வேக ஆட்டோ போய் 7-வேக டூயல் கிளட்ச், 285 போய் 300 நியூட்டன் மீட்டர்.

செந்தூல்வாசி:
நன்றி. அப்படியானால் புரோட்டோனின் 2014 ஈரிஸ் எந்தக் கணக்கில்?

கேம்ஷாப்ட்76:
சொந்தக் கணக்கில். இஞ்சின் கேம்புரோ வழி வந்த விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது), ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம். பத்து வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டிய கார்.