செக்கானூரணியிலிருந்து முதல் டெஸ்க்டாப்: 55,000 ரூபாய்க்குள் டிசைன் வேலைக்கு எது வாங்கலாம்?

செக்கானூரணி_ஆந்தை

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் விஸ்காம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். வீடு செக்கானூரணிக்குப் பக்கத்துக் கிராமம். இதுவரை செய்த வேலையெல்லாம் காலேஜ் லேபில்தான். நாலரை மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எனக்கோ ராத்திரி ஒன்பது மணிக்குமேல்தான் மூளையே வேலை செய்யும்.

சித்தி சீட்டு எடுத்துக் கொடுத்த நாற்பதாயிரம் இருக்கிறது. லீவில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஓரம் மடித்து ஒட்டி, ஓட்டை போட்டு வளையம் அடித்துச் சேர்த்தது பதினைந்தாயிரம். ஆக 55,000. மானிட்டர், யுபிஎஸ், கீபோர்டு எல்லாமே இதற்குள் முடிய வேண்டும். இதற்குமேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அப்பா என்னை டிராக்டரில் ஏற்றிவிடுவார்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சனிக்கிழமை முழுக்க ஏறி இறங்கி இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒரு கடையில் ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 19 இஞ்ச் மானிட்டர், எல்லாம் சேர்த்து 29,000. இன்னொரு கடையில் ஐ5 12400எஃப், ஜிடி 730 கார்டு, 16 ஜிபி ராம், 22 இஞ்ச் மானிட்டர், 54,500. யுபிஎஸ் தனி. ஐ7 ஏன் ஐ5-ஐவிடப் பாதி விலைக்கு வருகிறது? இதுதான் என் தலையைச் சுற்ற வைக்கிறது. மாமா "ரெண்டும் வேண்டாம், லேப்டாப் வாங்கு" என்கிறார்.

இப்போதைக்கு ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர். மூன்றாம் ஆண்டில் பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் வருமாம். அப்புறம், நானே அசெம்பிள் செய்ய முடியுமா? இதுவரை நான் திருப்பியது ஃபேன் ரெகுலேட்டர் ஸ்குரூ மட்டும்தான்.

சிம்மக்கல்_டிடிபி

தம்பி, முதல் கடையில் போய், "ஐ7 சரிண்ணே, எத்தனையாவது ஜெனரேஷன்?" என்று கேட்டுப் பார். பதிலுக்கு முன்னால் டீ வரும்.

மானிட்டரோடு 29,000 என்றால் அது இரண்டாவதோ மூன்றாவதோ ஜெனரேஷனாகத்தான் இருக்கும். 3770 என்று ஒன்று உண்டு, 2012ல் வந்தது. பழைய ஆபீஸ் மெஷினில் கழற்றிய பிராசசரைப் புதிதாகச் செய்த எச்61 மதர்போர்டில் மாட்டி, லைட் எரியும் கேபினெட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். ஓடாது என்று சொல்ல மாட்டேன், என் கடையில் பில் போடும் மெஷினே அந்த ஜாதிதான். ஆனால் 12ஆம் ஜெனரேஷன் ஐ3 12100 அதைச் சாதாரணமாக முந்திவிடும். எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. மூன்று வருஷப் படிப்புக்கு இதை நம்பி இறங்காதே.

இரண்டாவது கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கணக்காக விற்றிருக்கிறார். 12400க்குப் பின்னால் அந்த 'எஃப்' இருக்கிறதே, அதற்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். அதனால் படம் வர ஒரு கார்டு போட்டே ஆக வேண்டும். போட்டிருப்பது ஜிடி 730, 2014ல் வந்த சரக்கு. எஃப் இல்லாத 12400 வாங்கு. கொஞ்சம் விலை கூடும், ஆனால் கார்டே தேவையில்லை. உன் ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் வேலைக்கு உள்ளே இருக்கும் கிராபிக்ஸே போதும். கார்டு மாட்டும் இடம் போர்டில் காலியாகக் கிடக்கட்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ராம் 16 ஜிபிக்குக் குறைக்காதே. 2025 கடைசியிலிருந்து விலை ஏறிக் கிடக்கிறது, வயிறு எரியத்தான் செய்யும். ஒரே 16 ஆக வாங்காமல் எட்டும் எட்டுமாக வாங்கு. உள் கிராபிக்ஸ் இந்த ராமிலிருந்துதான் கடன் வாங்கிப் பிழைக்கிறது, இரண்டு குச்சி போட்டால் அதற்கு வழி அகலம். இந்தப் பிராசசருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றின் ராம் மற்றொன்றில் ஏறாது, பில் போடும் முன் பார்த்துக்கொள்.

இப்போது மிச்சமான காசு எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன். மானிட்டர்.

டிடிபி தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகை பிடித்தேன். பெண் வீட்டார் முகூர்த்தப் புடவையின் முந்தானைத் துணுக்கையே கொண்டுவந்து, "இதே அரக்கு வேணும்" என்றார்கள். என்னிடம் இருந்தது விலை குறைந்த டிஎன் பேனல் மானிட்டர். தலையைத் தூக்கினால் ஒரு நிறம், குனிந்தால் இன்னொரு நிறம். போதாததற்கு, வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தேன். அந்த வெளிச்சத்தில் எல்லாமே வெளிறித் தெரிந்ததால் நானாகவே நிறத்தை இருட்டாக்கிக்கொண்டே போயிருக்கிறேன். சிவகாசியில் அடித்து வந்தது 800 பத்திரிகை. பிரித்துப் பார்த்தால் அரக்கு இல்லை, காப்பிப் பொடி. அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை. துணுக்கை எடுத்துப் பத்திரிகைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மறுபடி அடித்துக் கொடுத்தது என் கைக்காசில்.

அதனால் 24 இஞ்ச், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் பேனல், பெட்டியில் எஸ்ஆர்ஜிபி (திரைக்கான பொது நிற அளவு) 99 சதவீதம் என்று போட்டிருப்பதாகப் பார். கடையில் ஒரு முகப் படத்தைத் திறக்கச் சொல்லி, உட்கார்ந்து பார், எழுந்து பார், பக்கவாட்டில் நின்று பார். முகம் நிறம் மாறினால் வேறு காட்டச் சொல். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கு.

அடுத்தது கரண்ட். உங்கள் பக்கம் கிணற்று மோட்டார் போட்டால் வீட்டு பல்பு ஒரு தரம் கண் சிமிட்டும், இல்லையா? அந்தச் சிமிட்டல்தான் மெஷினுக்கு எமன். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வேண்டாம். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ளதாக 450 வாட் தனியாக வாங்கு. 600 விஏ யுபிஎஸ் சாதாரணமாக 360 வாட் வரை தாங்கும், உன் மெஷினும் மானிட்டரும் சேர்ந்தாலும் அந்த அளவுக்குப் போகாது. சேவ் செய்து அணைக்கச் சில நிமிஷம் கிடைக்கும், அது போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் கையில் சுர்ரென்று ஏறினால் அதுதான் காரணம்.

மாமாவின் லேப்டாப்பா? ஹாஸ்டலில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ரெண்டர்_ராணி

சிம்மக்கல் அண்ணே சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். கார்டு விஷயத்தில் மட்டும் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை.

பிளெண்டர் வரும்போது உள் கிராபிக்ஸ் கை கொடுக்காது. அதிலுள்ள சைக்கிள்ஸ் என்ற முறையில் ரெண்டர் செய்தால், அதாவது 3டி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கினால், முழுச் சுமையும் பிராசசர் தலையில்தான். நான் இறுதியாண்டு புராஜெக்ட்டை அப்படித்தான் முடித்தேன். பத்தே வினாடி அனிமேஷன். வினாடிக்கு 24 பிரேம், ஆக 240 பிரேம், ஒன்றுக்கு நாலு நிமிஷம். பதினாறு மணி நேரம். பதினோராவது மணியில் வில்லாபுரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தியதும் நான் தூங்கிக்கொண்டிருந்ததும் சரியாகப் பொருந்திவிட்டது. நேரே வீடியோ ஃபைலாக ரெண்டர் போட்டிருந்தேன், அத்தனையும் போச்சு. அன்றைக்குத்தான் ஒரு அக்கா சொல்லித் தெரிந்தது: பிஎன்ஜி படங்களாக வரிசையாக எடுக்க வேண்டும், கரண்ட் போனால் விட்ட பிரேமிலிருந்து தொடரலாம், கடைசியில் கோர்த்து வீடியோ ஆக்கிக்கொள்ளலாம். தம்பி, இதை மட்டுமாவது இப்போதே எழுதி வைத்துக்கொள்.

கார்டு வாங்கும் நாள் வந்தால் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மாடலைப் பார். 70 வாட்தான், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர்கூட இழுக்க வேண்டாம். அண்ணன் சொன்ன 450 வாட்டிலேயே ஓடும். ஆனால் இன்றைக்கு வாங்காதே. உனக்குத் தேவைப்படும் நாளில் அதைவிட நல்லது வந்திருக்கலாம்.

ஃப்ரெண்ட் பென்டிரைவில் கொண்டுவரும் கிராக் சாஃப்ட்வேரை ஏற்றாதே. லேபில் அடோபி இருக்கிறது, வீட்டில் இல்லஸ்ட்ரேட்டர் மாதிரியான இங்க்ஸ்கேப்பும் படம் வரையும் கிரிட்டாவும் பழகு. இரண்டும் இலவசம்.

ஒத்தக்கடை_நட்டு

அசெம்பிள் தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஒரே ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர் போதும். மெத்தைமேல் உட்கார்ந்து செய்யாதே, போர்டு வந்த அட்டைப் பெட்டியே நல்ல மேசை. பிராசசர் பாக்ஸ் பீஸாக வாங்கு, ஃபேன் உள்ளேயே வரும். பெட்டியில்லாமல் டிரே பீஸ் என்று கொடுத்தால் இன்டெல் வாரண்டி கிடைக்காது, கடைக்காரர் வாய்ச்சொல்தான். இந்த மாடலில் ஊசி ஊசியான பின் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கிறது. அதில் விரல் பட்டு வளைந்தால் வாரண்டி போச்சு. பிராசசரை மேலிருந்து அப்படியே வை, அழுத்தாதே. மூடியின் கருப்பு பிளாஸ்டிக் தானாகத் தெறிக்கும், பயப்படாதே, எடுத்துப் பத்திரமாக வை. வாரண்டிக்குக் கேட்பார்கள்.

முன்பக்கம் வலை வைத்த கேபினெட் வாங்கு. கண்ணாடி முகப்பு நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துக்கு ஆகாது. தரையில் வைக்காதே, ஒரு முக்காலி போடு. பின்பக்கம் கார்டு மாட்டும் தகட்டைக் கழற்றினால் மறுபடி மாட்டிவிடு. இல்லாவிட்டால் பல்லி குடி வரும். சிரிக்காதே, என் மெஷினில் வந்தது.

செக்கானூரணி_ஆந்தை

வாங்கிவிட்டேன்! ஐ5 12400 பாக்ஸ் பீஸ், எச்610 போர்டு, எட்டும் எட்டும் ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 24 இஞ்ச் ஐபிஎஸ், யுபிஎஸ். எல்லாம் ஜிஎஸ்டி பில்லோடு 54,300. எர்த் பார்த்ததற்கு எலக்ட்ரீஷியனுக்கு 500. அண்ணன் சொன்னதுபோலவே பாயின்ட்டுக்குப் பின்னால் கம்பி இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பித்து பத்தரைக்கு மாட்டி முடித்தேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் "நோ சிக்னல்". ராமைக் கழற்றி மூன்று தரம் மாட்டிவிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எம்பதாயிரமாப்பா?" என்று தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார். அவசரம், யாராவது இருக்கிறீர்களா?

ஒத்தக்கடை_நட்டு

போர்டின் மேல் இடது மூலையைப் பார். சிபியு என்று எழுதி, எட்டு ஓட்டை உள்ள சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து அதற்குத் தனி ஒயர் வரும், நாலும் நாலுமாகப் பிரிந்திருக்கும். 24 பின் பெரிய ஒயரை மட்டும் மாட்டியிருப்பாய். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மாட்டு.

செக்கானூரணி_ஆந்தை

அண்ணே!! வந்துவிட்டது. அந்த ஒயர் கேபினெட்டுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. அம்மா சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு அதே சூட்டில் மானிட்டருக்கும் காட்டிவிட்டார்.

செக்கானூரணி_ஆந்தை

நாலு நாள் கழித்து மறுபடி வருகிறேன், மன்னிக்கவும். லேப் அக்கவுண்டை வைத்தே வீட்டிலும் இல்லஸ்ட்ரேட்டர் ஏற்றிக்கொள்ளலாம் என்று சார் சொல்லி ஏற்றிவிட்டேன். எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவுக்குப் போஸ்டர் செய்கிறேன், இதுதான் முதல் வேலை. யூனிகோடில் "பொங்கல்" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், ப ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. மெஷின் கோளாறா?

சிம்மக்கல்_டிடிபி

மெஷின்மேல் பழி போடாதே. பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், இண்டிக் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லி டிக் போடு. அப்புறம் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாரகிராப் பேனலின் மெனுவில் சவுத் ஏசியன் என்று வரும் கம்போசருக்கு மாற்று. எழுத்து ஒட்டிக்கொள்ளும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே இல்லை. எங்கள் காலத்தில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தே பிழைத்துவிட்டோம். ஆனால் அதில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் தமிழாகத் தெரியாது.

போஸ்டரில் மஞ்சளும் சிவப்பும் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அச்சு மையின் நிறக் கணக்கான சிஎம்ஒய்கே-யில் வைத்து, எழுத்தையெல்லாம் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக்கொள். சனிக்கிழமை நாலு மணிக்குமேல் கடைப் பக்கம் வா, ஏ4ல் ஒரு தாள் அடித்துத் தருகிறேன். உன் மானிட்டரின் வெளிச்சத்தை எத்தனையில் வைத்திருக்கிறாய் என்று குறித்துக்கொண்டு வா.

செக்கானூரணி_ஆந்தை

40ல் வைத்திருக்கிறேன் அண்ணே. சனிக்கிழமை வருகிறேன்.