மறு: நடந்து நடந்து விழுந்த வழிக்கு என்ன சொல்? 'மிதிதடம்' சரியா?

நண்பர்களே,

ஆங்கிலத்தில் desire path என்கிறார்களே, அதற்கு 'ஆசைப்பாதை' வேண்டாம். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து வைத்தால், இந்த வழிகளைக் காப்பாற்றக் கேட்கும் நம் மனுவை வாசிக்கிற அலுவலருக்கு ஒன்றும் பிடிபடாது. நாம் பேசுவது பிள்ளைகள் பள்ளிக்கும், வயதானவர்கள் ரேஷன் கடைக்கும், மற்றவர்கள் பஸ் ஸ்டாப்புக்கும் நடந்து நடந்து, புல் செத்துத் தானாகத் தடம் விழுந்த வழியைப் பற்றி.

'ஒற்றையடிப் பாதை' போதாதா என்று கேட்டிருந்தீர்கள் அண்ணா. அது அகலத்தைத்தான் சொல்கிறது. திட்டம் போட்டு அமைத்த ஒடுங்கிய பாதையும் ஒற்றையடிப் பாதைதான். விளவங்கோடு பக்கம் சொல்கிற இடவழியும் பொருந்தாது, அது இருபுறமும் கையாலையோ (மண்சுவர்) மதிலோ வைத்து ஊரே ஒப்புக்கொண்ட வழி. நமக்கு வேண்டியது யாரும் போடாமல், கால்களே போட்ட வழிக்கான சொல்.

எனக்குப் படுவது 'மிதிதடம்'. வினைத்தொகை என்பதால் மிதித்த, மிதிக்கிற, மிதிக்கும் தடம் என்று மூன்று காலமும் அதிலேயே வந்துவிடுகிறது, இன்றும் ஆள் நடக்கிற வழி என்பதை மனுவில் தனியாக விளக்க வேண்டியதில்லை. த் போட்டு 'மிதித்தடம்' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாகர்கோவிலைச் சுற்றி வயலும் விளையும் (தோட்ட நிலம்) பிளாட் ஆகும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக ரோடு போட்டு, கடைசியில் ஒரு காம்பவுண்டு கட்டி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறவருக்கு பஸ் ஸ்டாப் நேர்க்கோட்டில் 150 மீட்டர்தான், ஆனால் ரோடு வழியாக 600 மீட்டர். பெயர் இல்லாத வழியைக் காப்பாற்றக் கேட்கவே முடியாது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இப்படித் தானாக உண்டான பாதைகளைக் குறிக்கத் தனிக் குறிச்சொல்லே இருக்கிறது, அதற்கும் இதே சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இரண்டாவது சொல். நடக்கிற தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் வருகிற எண்ணுக்கு 'மாற்றுவழிக் குறியீடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ரோடு வேலை நடக்கும்போது வைக்கிற பலகையைத்தான் அது நினைவுபடுத்துகிறது. 'சுற்று விகிதம்' என்றால் போதும், "சுற்றிப் போகணும்" என்று எல்லோரும் சொல்வதுதானே. மேலே சொன்ன வீட்டுக்கு அது 4. நெருக்கமான சதுரக் கட்டமாகத் தெருக்கள் இருந்தால் ஏறக்குறைய 1.41-க்குள் அடங்கிவிடும். சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டாலே அந்த 4 ஒன்றரைக்குக் கீழே வந்துவிடும், செலவும் பெரிதில்லை. வரைபடத்தில் மிதிதடம் எங்கெல்லாம் விழுந்திருக்கிறதோ அங்கெல்லாம் முதலில் திறப்பு கேட்க வேண்டும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, அதனால் சரளை போடவும் சேர்த்தே கேட்போம்.

ஒன்று இன்னும் முடிவாகவில்லை. அனந்தனார் சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரையில் ஆட்கள் நடக்கிறார்கள், ஆனால் அந்தக் கரை கட்டிய கரை. அதை மிதிதடத்தில் சேர்க்காமல் 'கரைவழி' என்று தனியாக வைக்கலாம் என்பது என் எண்ணம். சானல் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.