ரிங்கை 2 சுற்று இறுக்கினால் ஸ்பிரிங் விறைக்குமா? (மூன்று லட்சத்துக்குள் கொயில்ஓவர்)

வெள்ளவத்தை_ஸ்விஃப்ட் | இரவு 9.10
என்னிடம் இருப்பது பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட், இசட்சி31எஸ். முன் ஷொக் அப்சோபர் இரண்டும் எண்ணெய் கக்குகின்றன. கையில் மூன்று லட்சம்தான். கயாபா ஷொக்கும் லோவரிங் ஸ்பிரிங்கும் போட்டுவிட்டுப் பேசாமல் ஓடுவதா, கொயில்ஓவருக்கே (ஷொக்கைச் சுற்றி ஸ்பிரிங், அது உட்காரும் இடத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு ரிங்) போவதா என்று ஒரு கிழமையாக யோசிக்கிறேன்.

ஆனால் இதை எழுத வைத்தது வேறு விஷயம். எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் இன்றைக்குச் சொன்னார்: "மலிவான செட் ஒன்றை எடு. சொஃப்டாக இருந்தால் ரிங்கை 2 சுற்று இறுக்கு, 6 கிலோ ஸ்பிரிங் 8 கிலோ மாதிரி விறைத்துவிடும்." எப்படி என்று கேட்டேன். "உனக்கு மீசை முளைக்க முதல் நான் காரை உயரம் குறைத்துப் பதித்தவன்" என்றார். கேள்வி கேட்டவனுக்கு இதுவா பதில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கராஜ்காரன் | 9.24
அந்த அண்ணன் நான்தான் தம்பி. குழுவில் கதைத்ததை இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கத் தேவையில்லை. சொன்னதை மாற்றவும் மாட்டேன். 18 வருடமாகக் காருக்குக் கீழே கிடக்கிறவன் நான். 2 சுற்று இறுக்கிப் பார், விறைக்கும். எனக்குப் புத்தகம் வேண்டாம், கை சொல்லும்.

ஈகே3_கொட்டாஞ்சேனை | 9.41
அண்ணன், கோபிக்க வேண்டாம். ஆனால் இதை இப்படியே விட முடியாது. இந்த ஒரு கதையை நம்பிக் காசைக் கரியாக்கிய பெடியன்களை நான் பார்த்திருக்கிறேன்.

6 கிலோ ஸ்பிரிங் என்றால் அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 6 கிலோ பாரம் வேண்டும். கம்பியின் தடிப்பு, சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை, இவைதான் அந்த 6 ஐத் தீர்மானிக்கின்றன. ரிங்கைத் திருகும்போது இதில் எது மாறுகிறது?

தம்பியின் காரையே எடுப்போம். ஆயிரத்துச் சொச்சம் கிலோ, எஞ்சின் முன்னால். ஒரு முன் சில்லுப் பக்கம் ஸ்பிரிங்குக்கு மேல் 300 கிலோ என்று வையுங்கள். 6 கிலோ ஸ்பிரிங் 50 மில்லிமீட்டர் அமுங்கும். ரிங்கை 10 மில்லிமீட்டர் இறுக்கிவிட்டுக் காரைத் தரையில் இறக்குங்கள். மேலே இருப்பது அதே 300 கிலோ, அதனால் ஸ்பிரிங்கும் அதே 50 தான் அமுங்கும். கார் மட்டும் 10 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். சில்லு கீழே தொங்க இருந்த 50 இப்போது 40. வேறொன்றும் நடக்கவில்லை. என் செட்டில் ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர். ஆக உங்கள் 2 சுற்று 4 மில்லிமீட்டர் உயரம். 8 கிலோ எங்கே இருந்து வந்தது?

கராஜ்காரன் | 9.50
கணக்கு வடிவாக இருக்கிறது. ரோட்டில் ஓடினீர்களா? நான் ஓடினேன். இறுக்கிய அன்றைக்குக் காலி வீதியில் ஒவ்வொரு குழியிலும் முதுகில் அடித்தது. விறைக்காமலா அடித்தது?

தெஹிவளைவாசி | 9.58
இரண்டு பேரும் விறைப்பு என்று ஒரே சொல்லைச் சொல்கிறீர்கள், ஆனால் ஒருவர் ஸ்பிரிங்கைச் சொல்கிறார், மற்றவர் முதுகைச் சொல்கிறார். அதை முதலில் பிரித்துக்கொண்டால் என்ன?

கராஜ்காரன் | 10.01
முதுகில் அடித்தால் விறைப்புத்தான். பிரிக்க ஒன்றும் இல்லை.

ஈகே3_கொட்டாஞ்சேனை | 10.15
முதுகில் அடித்ததை நான் மறுக்கவே இல்லை. ஏன் அடித்தது என்பதுதான் கேள்வி. நீங்கள் அன்றைக்கு 2 சுற்றோடு நின்றிருக்க மாட்டீர்கள். நிறைய இறுக்கினால் சில்லு கீழே தொங்கும் தூரம் போய்விடும். குழிக்குள் சில்லு விழும்போது ஷொக் முழுதாக நீண்டு முட்டும். டக் என்று கேட்கிற சத்தம் அது. ரிங்கை இறக்கி நன்றாகப் பதித்தாலோ மறுபக்கம், பம்ப் ஸ்டொப் ரப்பரில் போய் இடிக்கும். இரண்டிலும் முதுகு நோகும். இரண்டிலும் ஸ்பிரிங் அதே 6 கிலோ.

நான் சும்மா கதைக்கவில்லை. என் ஷொக்கின் தண்டில் ஒரு கேபிள் டை கட்டினேன். கார் நிற்கும்போது அதைக் கீழே ஷொக்கின் உடம்போடு ஒட்டி இறக்கிவிட்டேன். ஷொக் அமுங்கும்போது உடம்பு அதை மேலே தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும்போது டை அங்கேயே நிற்கும். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வேகத்தடையை மணிக்கு 20 கிலோமீட்டரில் தாண்டினேன். ஸ்கேலை வைத்து அளந்தால் 38 மில்லிமீட்டர். ரிங்கை 2 சுற்று இறுக்கினேன், டையைத் திரும்ப இறக்கினேன், அதே தடை, அதே வேகம். 38. விறைத்திருந்தால் குறைந்திருக்க வேண்டும். மூன்று முறை செய்தேன்.

கராஜ்காரன் | 10.22
கேபிள் டை தானாகவே வழுக்கும். பிளாஸ்டிக் துண்டை வைத்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2 சுற்று இறுக்கினால் விறைக்கும்.

சில்வர்_லான்சர் | 10.30
ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தம்பியின் ஸ்விஃப்ட்டில் பின்பக்கம் டோர்ஷன் பீம், இரண்டு சில்லையும் இணைக்கிற குறுக்குச் சட்டம். ஸ்பிரிங் தனி, ஷொக் தனி. அதாவது பின்னால் கொயில்ஓவரே கிடையாது. அப்படியிருக்க "முழு கொயில்ஓவர் செட்" என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

ஈகே3_கொட்டாஞ்சேனை | 10.36
செட்டின் பெயர் அது. பின்னுக்கு உயரம் மாற்றுகிற தட்டோடு தனி ஸ்பிரிங்கும் தனி ஷொக்கும் தருவார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

சில்வர்_லான்சர் | 10.39
ஏமாற்றைப் பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம். போன வருடம் எனக்கு விற்ற நான்கு ரிம்மில் ஒன்று உள்பக்கம் வெடித்திருந்தது. "தெரியாது" என்றீர்கள். ஸ்கேல் வைத்து 38 மில்லிமீட்டர் அளக்கிறவரின் கண்ணுக்கு அந்த வெடிப்புத் தெரியவில்லையா?

ஈகே3_கொட்டாஞ்சேனை | 10.44
டயர் பூட்டியிருந்த ரிம்மின் உள்பக்கம் யாருக்குத் தெரியும்? திருப்பித் தாருங்கள், காசைத் தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். நீங்கள் அதை வெல்ட் பண்ணி ஓடினீர்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

மலையேற்றம் | 10.52
ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போங்கள். மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டிக்கு வருகிறவர்கள் ஓடுவதற்கு முன்னர் ரிங்கைத்தான் திருகுகிறார்கள். நானே கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். ஒன்றும் மாறாது என்றால் குளிரில் குந்தியிருந்து ஏன் திருகுகிறார்கள்?

கராஜ்காரன் | 10.54
அப்படிக் கேளுங்கள்!

ஈகே3_கொட்டாஞ்சேனை | 11.10
ஒன்றும் மாறாது என்று நான் எங்கே சொன்னேன்? ஸ்பிரிங் விறைக்காது என்றேன். அவர்கள் திருகுவது பாரத்தைப் பகிர. நான்கு கால் மேசையில் ஒரு காலுக்குக் கீழே மட்டை வைத்தால் என்ன நடக்கும்? அந்தக் காலிலும் அதற்குக் குறுக்கே எதிரில் இருக்கிற காலிலும் பாரம் ஏறும், மற்ற இரண்டில் குறையும். காரிலும் அதேதான். ஒவ்வொரு சில்லுக்குக் கீழும் தராசு வைத்து, ஓட்டுநரை உள்ளே இருத்தி, அதைப் பார்த்துப் பார்த்துத் திருகுவார்கள். விறைப்பு வேண்டுமானால் ஸ்பிரிங்கையே கழற்றி மாற்றுவார்கள். கிட்ட நின்றவருக்கு அந்தத் தராசு தெரியவில்லையா?

மலையேற்றம் | 11.14
நான் நின்ற இடத்தில் தராசு இல்லை. கண் தெரியாதவன் மாதிரிக் கதைக்க வேண்டாம்.

வெள்ளவத்தை_ஸ்விஃப்ட் | 11.17
அண்ணன்மார், சண்டை போகட்டும். நான் எதை வாங்க?

ஈகே3_கொட்டாஞ்சேனை | 11.38
தம்பி, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பெட்டியில் எத்தனை கிளிக் (ஷொக்கின் இறுக்கத்தை மாற்றுகிற படி) என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் உயரம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். டெயின் ஸ்ட்ரீட் அட்வான்ஸ் இசட் போன்றவற்றில் ரிங்கைத் திருகித்தான் உயரம். டெயின் ஃப்ளெக்ஸ் இசட், பிசி ரேசிங் பிஆர் இரண்டிலும் ஷொக்கின் கீழ்ப் பிராக்கெட் தனியாகத் திருகி ஏறி இறங்கும். ரிங்கைத் தொடாமலே காரைப் பதிக்கலாம், ஷொக் நீண்டு சுருங்குகிற தூரம் குறையாது. ஃப்ளெக்ஸ் இசட் 16 கிளிக், இரட்டைக் குழாய், மூடி அடைத்தது. போனால் அந்த ஷொக்கையே மாற்ற வேண்டும். பிஆர் 30 கிளிக், ஒற்றைக் குழாய், பிரித்துத் திருத்தலாம்.

காசு போதாவிட்டால் பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் பாவித்த செட் தேடலாம், ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். தண்டை மூடியிருக்கிற டஸ்ட் பூட்டைத் தூக்குங்கள். தண்டில் எண்ணெயும் தூசும் சேர்ந்து கறுப்பு வளையம் இருந்தால் சீல் போய்விட்டது. தண்டில் நகத்தை ஓட்டுங்கள். ஒரு சின்னத் துருப்புள்ளி தட்டுப்பட்டாலும் அது புதுச் சீலையும் அறுக்கும். அமுக்கிவிடுங்கள். காஸ் உள்ள ஒற்றைக் குழாய் தானாகத் திரும்பி வர வேண்டும், இடையில் தொய்வு இருக்கக் கூடாது. கீழ்ப் பிராக்கெட் திருகுப்பட்டதா, துருவில் ஒட்டிவிட்டதா என்று ஸ்பானர் போட்டுப் பாருங்கள். நீங்கள் மரைன் டிரைவ் பக்கம் நிறுத்துகிறவர், புதுச் செட்டுக்கும் உப்புக்காற்று அதையே செய்யும். மழைக்காலம் தொடங்க முதல் கழுவி, கிரீஸ் பூசி வையுங்கள்.

இவற்றுக்குக் காசு வராவிட்டால் கயாபா நியூ எஸ்ஆர் ஸ்பெஷலும் அதற்குப் பொருந்துகிற அளவான லோவரிங் ஸ்பிரிங்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸ்பிரிங்கை மட்டும் வெட்டாதீர்கள். எதைப் போட்டாலும் முன் ஷொக்கின் மேல் மவுன்டையும் பேரிங்கையும் புதிதாகப் போட்டு, அலைன்மன்ட் பாருங்கள். சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக, கார் தன் பாரத்தில் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

கராஜ்காரன் | 11.45
புஷ் இறுக்குகிற முறையை எனக்கே சொல்லித் தருகிறார்! நான் தூக்கி வைத்துத்தான் இறுக்குகிறேன். ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

சில்வர்_லான்சர் | 11.47
ஒருமுறை ஏமாந்தவன் திரும்பி வருவானா?

கராஜ்காரன் | 11.49
நீர் என் கராஜுக்கு வந்ததே இல்லை. உமக்கும் அவருக்கும் ரிம் சண்டை இருந்தால் அதை அங்கே வைத்துக்கொள்ளும்.

தெஹிவளைவாசி | 11.53
சில ஸ்பிரிங்கில் ஒரு பக்கம் சுருள் நெருக்கமாக இருக்குமே. அமுங்க அமுங்க விறைக்கும் என்பார்கள். அண்ணன் போட்டது அந்த வகையோ? அப்படியென்றால் 2 சுற்றில்

கராஜ்காரன் | 11.55
அதேதான். நான் சொன்னது அதைத்தான்.

ஈகே3_கொட்டாஞ்சேனை | 11.59
இரண்டு மணித்தியாலமாக அப்படி ஒரு சொல் சொல்லவில்லை, இப்போது அதேதானா? அந்த வகையிலும் மேலே நிற்பது அதே 300 கிலோ. கார் தரையில் நிற்கும்போது ஸ்பிரிங் அமுங்கியிருக்கும் அளவு ரிங்கால் மாறாது. நெருக்கச் சுருள் மூடிக்கொண்டால் காரின் பாரத்தில்தான் மூடும், உங்கள் ரிங்கில் இல்லை. 10 மில்லிமீட்டர் இறுக்கினாலும் 10 மில்லிமீட்டர் உயரம். அவ்வளவுதான். இதை எத்தனை தரம் எழுத?

கராஜ்காரன் | 12.03
எத்தனை தரம் எழுதினாலும் விறைக்கும். ஞாயிற்றுக்கிழமை கராஜுக்கு வாரும், உம்முடைய காரிலேயே இறுக்கிக் காட்டுகிறேன்.

ஈகே3_கொட்டாஞ்சேனை | 12.06
என் காரில் உங்களைக் கை வைக்க விடமாட்டேன். புஷ்ஷைத் தூக்கி வைத்து இறுக்குகிறவரிடம் எப்படித் தருவது? உங்கள் காரைக் கொண்டுவாருங்கள். கேபிள் டை நான் கொண்டுவருகிறேன்.

மலையேற்றம் | 12.10
அது வழுக்கும் என்று அவர் முதலே சொல்லிவிட்டார்.

சில்வர்_லான்சர் | 12.12
ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். அந்த ரிம்மைக் கொண்டுவருகிறேன், காசோடு வாருங்கள்.

ஈகே3_கொட்டாஞ்சேனை | 12.15
வெல்ட் பண்ணிய ரிம்முக்குக் காசு கிடையாது.

கராஜ்காரன் | 12.16
2 சுற்று. வந்து பாரும்.