ஜி, ஆர், ஒய் என முடியும் மூன்றாவது ஆங்கிலச் சொல் எது? பொங்கல் விழா வினாவில் நடந்த அநியாயம்

செம்பூர் வாசகன்:
எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில், ஆங்கிலத்தில் ஜி, ஆர், ஒய் ஆகிய எழுத்துகளில் முடியும் சொற்கள் மூன்று உண்டென்றும், ஆங்ரி, ஹங்ரி இரண்டும் போக மூன்றாவது எதுவென்றும் வினாடி வினா நடத்தியவர் கேட்டார். நான் ‘பக்ரி’ என்றேன். அவரோ விடை ‘லாங்வேஜ்’ என்று அறிவித்து, எவர்சில்வர் டிபன் கேரியரை அடுத்த வரிசைக்காரரிடம் நீட்டிவிட்டார். ‘தி இங்கிலீஷ் லாங்வேஜ்’ என்ற தொடரில் மூன்று சொற்கள் இருப்பதால் மூன்றாவது சொல் லாங்வேஜ் என்பதுதான் இந்தக் குயுக்தி. அந்தக் குயுக்தி செல்ல வேண்டுமானால், அந்தத் தொடர் அப்படியே வரும்படி ஆங்கிலத்தில் கேட்டிருக்க வேண்டும். தமிழில் கேட்டுவிட்டு ஆங்கிலத் தொடரின் சொற்களை எண்ணச் சொல்வது எந்த ஊர் நியாயம்? 1975 ஆம் ஆண்டு நியூயார்க் வானொலியிலேயே ஒலித்த பழைய புதிர் இது. இதற்குப் பக்ரி என்பது முறையான விடை. வெயில் தாங்குவதற்காக வெள்ளைக்காரர்கள் தொப்பியைச் சுற்றிக் கட்டிய துணிக்கு அது பெயர்; இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்.

தாராவி அண்ணாச்சி:
இந்தியில் பக்ரி என்றால் வெள்ளாடு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஆட்டைத் தலையில் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்த துரைமார்களைப் பற்றி இன்றுதான் அறிகிறேன். மிக்க நன்றி.

செம்பூர் வாசகன்:
தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவது என் குற்றமன்று, அண்ணாச்சி. ஆட்டைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் எழுதினால் B எழுத்தில் தொடங்குவது. நான் சொல்வது P எழுத்தில் தொடங்குவது, தலைப்பாகையைக் குறிக்கும் ‘பகடி’யின் ஆங்கில வடிவம். தொடக்க எழுத்தை விடுங்கள். முடியும் எழுத்தைப் பாருங்கள்.

முலுண்ட் ஆசிரியை:
முடியும் எழுத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன், ஐயா. அந்தச் சொல்லை இன்றைய அகராதிகள் முதன்மையாக எழுதும் முறை இறுதியில் இரண்டு ஈ எழுத்துகளோடுதான். ஒய் என்பது அரிதாகக் கிடைக்கும் மாற்று வடிவம். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தே ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: தேர்வில் ஒரு மாணவன் அதை ஒய் போட்டு எழுதியிருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன்.

செம்பூர் வாசகன்:
உங்கள் சிவப்பு மை அகராதியாகிவிடாது, அம்மா. யூலும் பர்னலும் தொகுத்து 1886 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொற்தொகுதியைப் பிரித்துப் பாருங்கள். தலைச்சொல்லாகவே பி, யு, ஜி, ஜி, ஆர், ஒய் என்று அச்சாகியிருக்கிறது. மாற்று வடிவமாக ஒரு மூலையில் அன்று, தலைச்சொல்லாக. அந்தப் பர்னல் யார்? தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய நம் சொற்கள் ஆங்கிலத்தில் எப்படி உருமாறின என்று அறிய நாமெல்லாம் அந்தத் தொகுதியைத்தான் புரட்டுகிறோம். அதற்கெல்லாம் ஆதாரமாக ஏற்கும் நூல், என் சொல்லுக்கு மட்டும் ஆகாதா?

முலுண்ட் ஆசிரியை:
காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிய காலத்து நூல் அது. அதே இடத்தில் பக்ரிக்குப் பக்கத்திலேயே வேறொரு எழுத்து முறையும் கொடுக்கப்பட்டிருப்பதை ஏன் மறைக்கிறீர்கள்? மேற்கு ஆப்பிரிக்காவில் கானாப் பகுதியில் மண்ணிலிருந்து எடுக்கப்படும் பழைய கண்ணாடி மணிகளை அக்ரி என்பார்கள். மூன்றாவது சொல் வேண்டுமென்றால் அதைச் சொல்லியிருக்கலாம்.

தாராவி அண்ணாச்சி:
எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அக்ரி என்றால் உரம் வாங்கப் போகும் அலுவலகம்.

செம்பூர் வாசகன்:
அக்ரி என்பது மணி என்ற சொல்லின் துணையில்லாமல் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு நடக்கும் சொல்லை முழுச் சொல்லாக ஏற்கும் நீங்கள், தனித்து நிற்கும் பக்ரியை மறுக்கிறீர்கள். அம்மா, ஒரே கேள்வி: 1886 நூலில் இறுதியில் ஒய் இருக்கிறதா, இல்லையா?

சயான் கணக்கர்:
இரு தரப்பினரும் பொறுத்தருள வேண்டும். ஜான் லாக் என்னும் தத்துவ ஆசிரியர் பத்துப் பத்தாகப் பிரித்து வகுத்த நீள அளவுகளில், அவருடைய அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக்கு ‘க்ரி’ என்றே பெயர். எழுத்தும் அந்த மூன்றேதான். பசியால் வரும் கோபத்தைக் குறிக்கும் ‘ஹாங்ரி’ 2018 ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறிவிட்டது. ஆக, மூன்று என்ற எண்ணிக்கையே பொருளற்றது. டி, ஓ, யு, எஸ் என முடிபவை ட்ரெமண்டஸ், ஸ்டுபெண்டஸ், ஹொரெண்டஸ், ஹசர்டஸ் ஆகிய நான்கே என்று பரவும் கதையும் இதைப் போன்றதுதான். ஜெப்பர்டஸ் என்ற பழைய சொல் ஒன்றே அதை உடைத்துவிடும். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, எஸ், ஈ, டி, ஈ என முடியும் வழக்குச் சொல் சூப்பர்சீட் ஒன்றுதான் என்பதும், இரட்டை ஈயுடன் சீட் என முடிபவை எக்சீட், புரொசீட், சக்சீட் என்பதும்.

செம்பூர் வாசகன்:
கணக்கர் வழக்கம்போல நடுவில் வந்து எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். சூப்பர்சீடைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. போன தீபாவளி மலர்க் குழுவிலும் இவர் இதே வேலையைச் செய்ததால்தான் என் கட்டுரை அச்சேறாமல் போனது. ஒய் இருக்கிறதா, இல்லையா?

சயான் கணக்கர்:
அந்தக் கட்டுரை பதினான்கு பக்கம் இருந்தது. மலர் மொத்தமே நாற்பது பக்கம்.

மாட்டுங்கா மைந்தன்:
டிபன் கேரியரை வாங்கியவன் நான்தான். வினாவை முழுமையாகக் கேட்டு விடை சொன்னேன். பரிசு கிடைக்காதவர் தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டுவதைக் கண்டு வியப்பில்லை. அதுசரி, பகடி என்றதும் நினைவுக்கு வருகிறது: செம்பூர்க்காரர் பகடி வீட்டில் குடியிருந்துகொண்டு பழைய வாடகையையே கொடுத்து வருகிறார் என்று கேள்வி.

செம்பூர் வாசகன்:
மும்பையில் முன்பணமாகப் பகடி கொடுத்துக் குடியேறுவதும், குறைந்த வாடகையில் தலைமுறையாக வாழ்வதும் உங்களுக்குக் குற்றமாகத் தோன்றினால், அதற்குச் சட்ட ஏற்புக் கொடுத்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 என்பதைப் படித்துவிட்டு வாருங்கள். முதலில் இந்தத் திரியில் என் வீட்டுக்கு என்ன வேலை? இருந்தாலும் நன்றி, தலைப்பாகையின் பெயரில் கைமாறும் தொகையை இந்த நகரமே பகடி என்று அழைப்பதிலிருந்து, அந்தச் சொல்லுக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்பது தெரிகிறது. அந்த உயிருள்ள சொல்லைத்தான் ஆங்கிலேயர் எடுத்துப் போய் இறுதியில் ஒய் வைத்தார்கள்.

தாராவி அண்ணாச்சி:
தமிழிலும் பகடி என்று ஒரு சொல் உண்டு. இந்தத் திரி முழுவதும் அதுதான் நடக்கிறது.

முலுண்ட் ஆசிரியை:
உயிருள்ள சொல் என்பதனாலேயே எழுத்து முறை மாறிவிடாது. மும்பையில் வீட்டுப் பத்திரங்களிலும் செய்தித்தாள்களிலும் அதை ஐ எழுத்தில் முடிக்கிறார்கள். உங்களுடைய சான்றே உங்களுக்கு எதிராக நிற்கிறது: ஒருவர் ஈ, ஒருவர் ஐ, நீங்கள் மட்டும் ஒய்.

செம்பூர் வாசகன்:
நான் மட்டுமா? யூல், பர்னல், இருவரையும் சேர்த்து மூவர். பத்திரத்தில் எழுதுபவர் மராத்திச் சொல்லை எழுதுகிறார். நான் பேசுவது ஆங்கிலச் சொல்லைப் பற்றி. இந்த வேறுபாட்டைக் கூடக் காணாமல் எத்தனை தலைமுறை மாணவர்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டீர்களோ தெரியவில்லை. நூலின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இன்றிரவு பதிவேற்றுகிறேன்.

முலுண்ட் ஆசிரியை:
பதிவேற்றுங்கள். பக்கத்தை வெட்டாமல், அருகிலுள்ள மற்ற எழுத்து முறையும் தெரியும்படி பதிவேற்றுங்கள்.

மாட்டுங்கா மைந்தன்:
வாடகையைப் பற்றிய பதில் இன்னும் வரவில்லை.