காய்ச்சினாலும் போகாதவை: கிணற்று நீர் குறித்த அனுபவப் பகிர்வு

சென்னிமலைப் பக்கத்திலிருந்து:

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிய ஊரொன்றில் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக வரும் நொய்யலைத் தேக்கிப் பாசனம் செய்ய 1992இல் அந்த அணை கட்டப்பட்டது. ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவும் அதில் வந்து தேங்கியதால், அணை நிரம்பினால் மகிழ வேண்டிய உழவர்களே தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை உருவாயிற்று.

சாயக்கழிவு என்றதும் பலர் நிறத்தைத்தான் நினைக்கிறார்கள். எங்களை வாட்டியது உப்பு. பருத்தித் துணியில் அடர்நிறம் பிடிக்க, ஒரு லிட்டர் சாயக்கரைசலுக்கு 50 கிராமுக்கும் மேல் உப்புச் சேர்ப்பார்கள். அது துணியில் தங்காமல் ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். மண்ணில் இறங்கும்போது நிறம் பெரும்பாலும் நின்றுவிட, உப்பு மட்டும் நீரோடு கிணற்றுக்கு வந்து சேரும். அதனால் எங்கள் கிணற்று நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. ஆனால் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தென்னை ஓலையின் நுனி கருகும், கறவை மாடு தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தபோது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். அம்மாவும் விடாமல் காய்ச்சினார்; பாத்திரத்தின் உட்புறம் வெண்படலமாகப் படிந்ததே தவிர, வயிறு சரியாகவில்லை. காய்ச்சினால் கிருமிகள் சாகும்; ஆனால் ஆவியாகிப் போவது நீர்தான், உப்பு அங்கேயே தங்கி முன்னிலும் செறிவாகிறது. சல்பேட் என்ற உப்பு வகை மிகுந்த நீரே வயிற்றைக் கலக்கும் என்பதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. குடிநீரில் உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் கிணறு அந்த இரண்டாம் வரம்பையும் தாண்டியிருந்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. அது பெரிய மாற்றம்தான். ஆனாலும் நிலத்தடியில் இறங்கிவிட்ட உப்பு, பல மழைக்காலங்கள் கடந்துதான் சிறிது சிறிதாகக் குறையும்.

தருமபுரியிலிருந்து:

மேலே எழுதியவர் காய்ச்சுவது பற்றிச் சொன்னது எங்கள் ஊர் நீரிலுள்ள ஃபுளோரைடு என்ற தாதுப்பொருளுக்கும் அப்படியே பொருந்தும். இங்கே ஆலை எதுவும் காரணமல்ல. பாறையிலிருந்தே அது ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 1.5 கடைசி வரம்பு. நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. நான் ஆசிரியராகப் பணியாற்றிய கிராமத்தில், சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருந்தார்கள்; முன்பற்களில் குறுக்காகப் பழுப்புப் பட்டைகள். ஈறுக்குள் பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே நேரும் பாதிப்பு அது. எத்தனை முறை துலக்கினாலும் போகாது. பல்லாண்டுகள் அதே நீரைக் குடித்த என் பெரியம்மாவுக்கு முதுகும் கழுத்தும் விறைத்து, நிமிர்ந்து பார்க்கவே முடியாமல் போயிற்று.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்த பிறகு காவிரி நீர் கிடைக்கிறது. எனினும் பல வீடுகளில் அதைக் குடிப்பதற்கு மட்டும் எடுத்து வைத்துவிட்டு, சோறும் குழம்பும் ஆழ்துளைக் கிணற்று நீரில்தான் சமைக்கிறார்கள். அரிசி அந்த நீரை உறிஞ்சும்போது ஃபுளோரைடும் சேர்ந்தே சோற்றில் இறங்குகிறது. குழாய் நீர் குறைவாக வரும் நாட்களில் குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளை நீரை வைத்துக்கொண்டு, உலைக்குக் காவிரி நீரையே ஒதுக்குங்கள் என்றுதான் பிள்ளைகளின் தாய்மார்களிடம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.