அப்பாவுக்கு யூரின் டியூப், கல்ச்சரில் மறுபடி கிருமி. திரும்ப அட்மிட் செய்ய வேண்டுமா?

தெற்குவாசல் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது, பல வருடச் சர்க்கரை, ப்ராஸ்டேட் வீக்கமும் உண்டு. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டியூப் போட்டார்கள், ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்த பிறகும் அது அப்படியே இருந்தது. கை கால் கொஞ்சம் தேறி வந்த நேரத்தில் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல். பிரஷர் இறங்கி, கிட்னி வேலை குறைந்ததைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிவிட்டது. ரத்தம், சிறுநீர் இரண்டு கல்ச்சரிலும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) க்ளெப்சியெல்லா என்ற கிருமி, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈஎஸ்பிஎல் வகை என்றார்கள். டியூபை மாற்றி மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறார், டியூபும் பையும் இருக்கின்றன. காய்ச்சல் இல்லை, இட்லி, கஞ்சி சாப்பிடுகிறார், பேச்சும் தெளிவு. பையில் சிறுநீர் கலங்கலாக, வாடையாக இருக்கிறது என்று அண்ணன் லேபிலிருந்து ஆளை வரவழைத்தார். பையின் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு போனார்கள். ரிப்போர்ட்டில் சீழ் செல்கள் நிறைய, ஈ. கோலை என்ற கிருமி ஒரு மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல். பக்கத்து கிளினிக் டாக்டர் உடனே அட்மிட் செய்து ஊசி ஆரம்பிக்க வேண்டும் என்கிறார். அண்ணனும் அதே பிடியில் இருக்கிறார், மறுபடி அந்த நிலைமை வந்துவிடுமோ என்கிற பயம்தான். என்ன செய்வது?

வார்டுடாக்டர் எழுதியது:

நான் பொது மருத்துவம் பார்ப்பவன், அப்பாவை நேரில் பார்க்காமல் கடைசி முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிறபடி காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார், தெளிவாகப் பேசுகிறார் என்றால் இந்த ரிப்போர்ட்டுக்காக ஊசி போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

காரணம் இதுதான். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சுமார் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது, ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். குடத்தின் உள்பக்கம் பாசி பிடிப்பது போலக் கிருமிகள் டியூபின் சுவரில் ஒட்டிப் படலமாக வளர்கின்றன, அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாகப் போகாது. டியூப் உராய்வதாலேயே சீழ் செல்களும் வரும். அதனால் டியூப் உள்ளவருக்குச் சீழ் செல், கலங்கல், வாடை இந்த மூன்றையும் வைத்து நோய்த்தொற்று என்று சொல்ல முடியாது. அதிலும் பையிலிருந்து எடுத்த மாதிரியைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. பையில் மணிக்கணக்காகத் தேங்கிய சிறுநீரில் கிருமி தானே பெருகும். கல்ச்சர் தேவைப்பட்டால் டியூபில் அதற்கென்று உள்ள இடத்தைத் துடைத்து சிரிஞ்சில் எடுக்க வேண்டும், டியூப் போட்டு 2 வாரம் தாண்டியிருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதிலிருந்து எடுக்க வேண்டும்.

தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால் மருந்து கொடுக்க வேண்டிய முக்கியமான இடங்கள் இரண்டு: கர்ப்பிணிகள், அப்புறம் சிறுநீர்ப் பாதையின் உள்தோல் கிழிய வாய்ப்புள்ள ஆபரேஷனுக்குப் போகிறவர்கள். சர்க்கரை இருப்பதால் மட்டும் கொடுப்பதில்லை.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்கிறேன், இதை அண்ணனிடம் காட்டுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்னால் வலி, அடிவயிற்று வலி, ரத்தம் கலந்து வருவது, பையில் சிறுநீர் இறங்காமல் நிற்பது, பிரஷர் குறைவது, திடீரென்று ஆள் மந்தமாவது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்போதும் சிறுநீர் ரிப்போர்ட்டிலேயே எல்லோரும் நின்றுவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் சாப்பாடு புரையேறி நுரையீரலில் இறங்கியிருக்கலாம், படுக்கைப் புண், ஊசி குத்திய இடம், காலில் ரத்தக் கட்டு என்று பல காரணங்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று அதன் மேல் பழியைப் போட்டு நிமோனியாவைத் தவற விட்டதை வார்டுகளில் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணிசிஸ்டர் எழுதியது:

டாக்டர் சொன்னதோடு பையைப் பற்றிச் சொல்கிறேன், வீட்டில் பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். பை எப்போதும் சிறுநீர்ப்பையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுகிறார்கள், பையில் இருக்கிற அழுக்கு நீர் திரும்ப உள்ளே போகும். தயவு செய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள் தங்கச்சி.

முக்கால் பை நிறையும் முன்பே காலி செய்யுங்கள். அவருக்கென்று தனி மக் வையுங்கள், பையின் குழாய் முனை மக்கில் படக் கூடாது, முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டியூபையும் பையையும் சும்மா சும்மா கழற்றி மாட்ட வேண்டாம். டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு நிறுத்தினால் இழுபடாது. குளிக்கும்போது சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம். மலச்சிக்கல் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இருந்தாலும் சிறுநீர் இறங்காது.

ஒன்று சொல்லி வைக்கிறேன், பார்த்தால் பயந்துவிடுவீர்கள். மலச்சிக்கல் உள்ள முதியவர்களுக்குச் சில சமயம் பை முழுக்க ஊதா நிறமாக மாறிவிடும். சில கிருமிகள் சிறுநீரில் உள்ள ஒரு பொருளை நீலமும் சிவப்புமான சாயமாக மாற்றுவதால் வருவது. அதுவும் தனியாக ஆபத்து இல்லை, டாக்டரிடம் காட்டி டியூபையும் பையையும் மாற்றி, மலச்சிக்கலைச் சரி செய்தால் போகும்.

கொங்குபையன் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் சர்க்கரைக்காரர்கள் வீட்டில் ரொம்பத் தைரியமாகவும் இருந்துவிட வேண்டாம். எங்கள் அம்மாவுக்கு டியூப் கூடக் கிடையாது. லேசான காய்ச்சல், வாந்தி, இடுப்புக்கு மேலே ஒரு வலி, அவ்வளவுதான். வாயுப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் மயக்க நிலைக்குப் போய், வேறு இடத்தில் சிடி எடுத்தபோது கிட்னிக்குள் காற்று இருந்தது. கிருமி சர்க்கரையைப் புளிக்க வைத்து உண்டாக்கும் வாயு என்றார்கள். சிறுநீர் வழியில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்துச் சீழை வடித்து, ஊசியும் போட்ட பிறகுதான் மீண்டார். காய்ச்சல் வந்தால் மாத்திரையோடு நிற்காமல் ஸ்கேனும் கேளுங்கள் அக்கா.

வார்டுடாக்டர் எழுதியது:

கொங்குபையன் சொன்னது மிக முக்கியம். கல்லோ ப்ராஸ்டேட்டோ வழியை அடைத்து, அதற்கு மேலே சீழ் தேங்கினால் எவ்வளவு பெரிய ஊசி போட்டாலும் அடைப்பை எடுக்காமல் தீராது. டியூபோ அடைப்போ உள்ளவர்களுக்கு வரும் இந்த வகைத் தொற்றும் இளம் பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பும் வேறு வேறு என்று நாங்கள் பிரித்துப் பார்ப்பதே இதனால்தான்.

தெற்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டினேன், அட்மிஷன் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு பாதுகாப்புக்கு மெடிக்கலில் நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வந்து வைத்திருக்கிறார், தினமும் ஒன்று கொடுத்தால் தடுக்கலாம் இல்லையா என்கிறார். கொடுக்கலாமா?

வார்டுடாக்டர் எழுதியது:

வேண்டாம். அந்த மாத்திரை சிறுநீர்ப்பைக்குள் மட்டும்தான் வேலை செய்யும், கிட்னித் திசுவிலும் ரத்தத்திலும் போதுமான அளவு சேராது. கிரியேட்டினின் ஏறியவருக்கு அந்தப் பலனும் குறைவு, பக்கவிளைவுதான் கூடும். டியூப் உள்ளவருக்குத் தடுப்பாக ஆன்டிபயாடிக் கொடுத்தால் டியூபில் இருக்கிற சாதுவான கிருமி போய் முரட்டுக் கிருமி அந்த இடத்தைப் பிடிக்கும்.

இந்த முரட்டுக் கிருமி விஷயம் நம் ஊருக்கு நெருக்கமானது. மருந்தைச் சிதைக்கும் என்டிஎம்-1 என்ற நொதி கிருமியிடம் இருந்தால் மெரோபெனமே எடுபடாது. டெல்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவருடைய சிறுநீரில் 2008-ல் கிடைத்த க்ளெப்சியெல்லாவில்தான் அதை முதலில் கண்டார்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் அந்த நொதி உள்ள 44 கிருமி மாதிரிகள் இருந்தன. அப்பாவைக் காப்பாற்றிய மருந்து அடுத்த முறையும் கேட்க வேண்டும் என்றால் இப்போது தேவையில்லாமல் எதையும் கொடுக்காமல் இருப்பதுதான் வழி.

அண்ணனுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் அப்பாவை யூராலஜி ஓபிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். டியூப் இன்னும் எதற்கு, எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். பொதுவாக ப்ராஸ்டேட்டைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாதிரி மாத்திரையைச் சில நாள் கொடுத்து, காலையில் டியூபை எடுத்து, தானாகப் போகிறாரா, போன பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். அந்த மாத்திரையால் எழுந்து நிற்கும்போது பிரஷர் குறையலாம், பக்கவாதம் வந்தவர் என்பதால் விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நிறைய மிஞ்சினால் நாளுக்குச் சில முறை மெல்லிய டியூப் விட்டு வடித்து உடனே எடுத்துவிடும் முறையை வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பார்கள், நிரந்தர டியூபை விட அதில் தொல்லை குறைவு. நன்றாகப் போகிறது, கட்டுப்பாடு மட்டும் இல்லை என்றால் ஆண்களுக்கு வெளியே மாட்டும் உறை இருக்கிறது. போகும்போது பழைய ரத்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.