இனிஷியல் ஒண்ணு, அப்பா வேற: யாரோ வாங்கின கடனுக்கு எனக்கு ஏன் போன்?

எனக்கு எந்த பேங்க்லயும் பெர்சனல் லோன் கிடையாது. ஆனா மூணு வாரமா ஒரு ரெகவரி ஏஜென்ட் போன் போட்டு 64,300 ரூபாய் பாக்கின்னு உயிரை வாங்குறார். நேத்துதான் விஷயம் பிடிபட்டது. "கிருஷ்ணன் மகன்தானே நீங்க?"ன்னார். எங்கப்பா கந்தசாமி. கடன் வாங்கினவருக்கும் எனக்கும் ஒரே பேரு, இனிஷியலும் கே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

"அதெல்லாம் எங்க சிஸ்டத்துல காட்டாது சார். இப்போதைக்கு ஒரு 2,000 போடுங்க, ஃபைலை நிறுத்தி வைக்கறேன்"ங்கறார். ராத்திரி ஒன்பதரைக்கு போன் அடிச்சா வீட்டுல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. ரெண்டாயிரத்தைக் கட்டித் தொலைச்சிடலாமான்னு இருக்கு.

பதில் 1
ஐயோ, போட்டுடாதீங்க! கட்டினா கடன் உங்களோடதுதான்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும். பிறந்த தேதி, பான் நம்பர் கேட்டாலும் போன்ல சொல்லாதீங்க.

பதில் 2
பேங்க் கலெக்‌ஷன்ல 11 வருஷம் குப்பை கொட்டினவன் சொல்றேன். ஏஜென்ட்கிட்ட மல்லுக்கட்டாதீங்க. அவர் கையில இருக்கறது பேங்க் அனுப்பின எக்செல்ல ஒரு வரி: பேரு, நம்பர், பாக்கி. அப்பா பேரு இருந்ததே அதிசயம். எந்த பேங்க், லோன் நம்பர் என்னன்னு மட்டும் கேட்டுக்கிட்டு, பேங்கோட குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்க. கடன் என்னுடையது இல்லை, உங்க பதிவுல இருக்கற பான், அப்பா பெயரை என்னுடையதோட ஒப்பிட்டு எழுத்துல பதில் கொடுங்கன்னு கேளுங்க. பான் கார்டுலயே அப்பா பேரு இருக்கே, நகலை வைங்க.

புகார் நிலுவைல இருந்தா கேஸை ஏஜென்சிக்கு அனுப்பக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக்கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல சுற்றறிக்கையே வந்தது. அந்த ஒன்பதரை மணி கால் லாகை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயில்ல சேருங்க, அதுக்குத்தான் பயப்படுவாங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கறவர்) போகலாம், காசு கிடையாது.

பதில் 3
அந்த லோன் உங்க பேர்ல ஏறியிருக்கான்னு கிரெடிட் ரிப்போர்ட்டையும் (யார் யார் என்ன கடன் வாங்கியிருக்காங்கங்கற பதிவு) பாருங்க. அதுக்கான கம்பெனிகள்ல சிபில் மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க்கும் இருக்கு. நாலுலயும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசம். தப்பு இருந்தா அங்கேயே டிஸ்ப்யூட் போடுங்க. 30 நாளைத் தாண்டியும் தீர்க்கலைன்னா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரல்ல இருந்து.

கேட்டவர்
எல்லாருக்கும் நன்றி. மூணு ரிப்போர்ட் சுத்தம். நாலாவதுல அந்த லோன் உக்காந்திருக்கு, நான் கால் வைக்காத ஊர் விலாசத்தோட. டிஸ்ப்யூட் போட்டாச்சு, பேங்குக்கும் மெயில் போயாச்சு. இன்னிக்கு ஏஜென்ட் கூப்பிட்டப்போ புகார் எண்ணைச் சொன்னேன். பொறுமையா எழுதிக்கிட்டு, "இனிஷியல் கே தானே சார்?"ன்னு கேக்கறார்.